ஆக்சைடு பெயரில் ரோமன் எண் போடும் வழி

உலோகமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஆக்சைடில், ஆக்சிஜன் அணுக்களின் எண்ணிக்கையை 2ஆல் பெருக்கி, உலோக அணுக்களின் எண்ணிக்கையால் வகுங்கள். வருவதுதான் பெயரில் போட வேண்டிய ரோமன் எண். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடற்காற்றில் இரும்புக் கேட்டில் ஏறும் துருவையே பாருங்கள். அதிலுள்ள நீரை விட்டுவிட்டால் இரும்பு 2, ஆக்சிஜன் 3. மூவிரண்டு 6, அதில் பாதி 3. ஆகவே இரும்பு(III) ஆக்சைடு. ஆக்சைடில் ஒவ்வொரு ஆக்சிஜனுக்கும் மின்சுமை கழித்தல் 2. மொத்தம் பூச்சியமாக வேண்டுமே, அதை உலோகம்தான் ஈடுகட்டுகிறது.

சோடியம், மக்னீசியம், அலுமினியத்துக்கு எண்ணே வேண்டாம், போடும் வழக்கமில்லை. ஆக்சிஜன் அணுக்கள் இரண்டிரண்டாகப் பிணைந்த பெராக்சைடில் ஆக்சிஜனுக்குக் கழித்தல் 1 என்பதால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்புறம், தென்னாப்பிரிக்காவின் பலபோர்வாவில் கிடைக்கும் மேக்னடைட் என்ற இரும்புத் தாது: இரும்பு 3, ஆக்சிஜன் 4. விடை பின்னமாக வரும், பயப்பட வேண்டாம். அதில் ஓர் இரும்புக்கு மின்சுமை கூட்டல் 2, மற்ற இரண்டுக்கும் கூட்டல் 3.