மார்பகப் புற்றுநோய்: கட்டியின் நுண்சூழலை வைத்து உயிர்வாழ் காலத்தைக் கணிப்பது எப்படி?

கட்டிக்குள் புற்றுச் செல்கள் மட்டும் இருப்பதில்லை. டி செல்கள், மேக்ரோஃபேஜ்கள் போன்ற நோயெதிர்ப்புச் செல்கள், ஃபைப்ரோபிளாஸ்ட்கள் என்ற இணைப்புத் திசுச் செல்கள், ரத்தக் குழாய்கள் எல்லாம் சேர்ந்துதான் கிடக்கும். நுண்சூழல் என்கிற இந்தச் சுற்றுப்புறம் நோயாளியின் ஆயுளோடு தொடர்புடையது. புதுச்சேரி காலாப்பட்டில் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் பலர் புராஜெக்டுக்கு இதை எடுக்கிறார்கள், பெரும்பாலும் ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளை நிறுவத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் தரவு

புற்றுநோய் ஆய்வுத் தரவுகள் கிடைக்கும் சிபயோபோர்ட்டல் தளத்தில் மெட்டாப்ரிக் தொகுப்பை இறக்குங்கள். பிரிட்டன், கனடா நோயாளிகள் சுமார் 2,000 பேரின் கட்டிகள். 2012-ல் நேச்சர் இதழில் வந்தது. பலர் அமெரிக்காவின் டிசிஜிஏ தொகுப்பைத் தேடிப் போகிறார்கள். மார்பகப் புற்றுக்கு அது எனக்குப் பிடிப்பதில்லை, நோயாளிகளைப் பின்தொடர்ந்த காலம் குறைவு. பத்து வருஷம் கழித்துத் திரும்பி வரும் நோயை அதில் எப்படிப் பார்ப்பது?

உயிர்வாழ் மாதங்கள் நோயாளிக் கோப்பில் இருக்கும், ஈஆர் நிலை (கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டா இல்லையா என்பது) சாம்பிள் கோப்பில் இருக்கும். இரண்டையும் சேருங்கள். இறந்தவர்களில் நோயால் இறந்தவர், வேறு காரணத்தால் இறந்தவர் என்று தனியாகக் குறித்திருப்பார்கள். எண்பது வயதில் மாரடைப்பில் போனவரின் மரணத்தைக் கட்டியின் கணக்கில் எழுதாதீர்கள். அவரை அந்தத் தேதியோடு சென்சார் செய்துவிடுங்கள், அதாவது அதுவரை நோயால் இறக்கவில்லை, அதற்குமேல் தெரியாது என்று கணக்கில் வையுங்கள்.

செல்களை எண்ணுவது

தொகுப்பில் உள்ள மரபணு அளவுகள், கட்டியை மொத்தமாக அரைத்து எடுத்த ஆர்என்ஏவில் அளந்தவை. அவியலை மிக்ஸியில் அடித்துவிட்டு எந்தக் காய் எவ்வளவு என்று கண்டுபிடிக்கிற வேலை. இதற்கான மென்பொருள்களில் சைபர்சார்ட் பிரபலம்தான், ஆனாலும் என் ஓட்டு எம்சிபி-கவுண்டருக்கு. சைபர்சார்ட் வழக்கமாகத் தருவது நோயெதிர்ப்புச் செல்களுக்குள் இருக்கும் பங்கு மட்டுமே. நோயெதிர்ப்புச் செல்கள் குவிந்த கட்டிக்கும் அரிதாகவே உள்ள கட்டிக்கும் ஒரே விழுக்காடு வரலாம். எம்சிபி-கவுண்டர் பத்து வகைச் செல்களுக்கு மதிப்பெண் தரும், ஃபைப்ரோபிளாஸ்டும் அதில் உண்டு. அது விழுக்காடு அல்ல; ஒரே செல்லை நோயாளிகளுக்கிடையே ஒப்பிடலாம், ஒரே கட்டியில் இரண்டு செல்களை ஒப்பிடக் கூடாது.

எல்லாரும் நிற்கும் இடம்

மதிப்பெண்களை வயது, நிணநீர்க் கணு, கட்டியின் அளவோடு காக்ஸ் மாதிரியில் (ஒவ்வொரு காரணியும் மரண அபாயத்தை எவ்வளவு மாற்றுகிறது என்று கணிக்கும் புள்ளியியல் மாடல்) போடுவீர்கள். புற்றுச் செல்லைக் கொல்லும் சிடி8 டி செல்லின் அபாய விகிதம் 1-ஐ ஒட்டி வந்து நிற்கலாம், அதாவது அது கூடினாலும் குறைந்தாலும் அபாயம் மாறவில்லை. "அப்போ டி செல்லுக்கு வேலையே இல்லையா?" என்று தோன்றும். இருக்கிறது. எல்லாக் கட்டியையும் ஒரே கூடையில் போட்டதுதான் பிரச்சினை.

ஜெர்மன் ஆய்வாளர்கள் 3,771 நோயாளிகளை அலசி 2018-ல் லான்செட் ஆன்காலஜியில் வெளியிட்டதைப் பாருங்கள். ட்ரிபிள் நெகட்டிவ் (ஈஆர், புரோஜெஸ்ட்ரோன் ஏற்பியான பிஆர், ஹெர்2 புரதம் மூன்றும் நெகட்டிவ்), ஹெர்2 பாசிட்டிவ் கட்டிகளில் லிம்போசைட் (டி செல் போன்ற வெள்ளணுக்கள்) ஊடுருவல் கூடினால் பலன் நல்லது. ஹார்மோன் ஏற்பி உள்ள லூமினல் ஹெர்2 நெகட்டிவில் அதே ஊடுருவல் மோசமான ஆயுளோடு சேர்ந்து வந்தது. எதிரெதிர்த் திசைகளைக் கூட்டினால் ஒன்றை ஒன்று அழித்துவிடும்.

அப்புறம் காலம். ஈஆர் நெகட்டிவ் கட்டி முதல் சில வருஷங்களில் திரும்பி வரும், அதைத் தாண்டினால் அபாயம் இறங்கும். ஈஆர் பாசிட்டிவ் மெதுவாக, இருபது வருஷம்கூடத் துரத்தும். காக்ஸோ இரண்டுக்கும் இடையிலான அபாய விகிதம் கடைசிவரை மாறாது என்று நம்புகிறது. அந்த நம்பிக்கையைச் சோதிக்கும் காக்ஸ்.இசட்பிஎச் கட்டளையை 'ஆர்'-ல் ஓட்டிப் பாருங்கள், ஈஆர் வரியில் பி மதிப்பு மிகச் சிறியதாக வந்தால் இதுதான் காரணம். ஈஆரை ஸ்ட்ராட்டாவாக வைத்தால் (ஒவ்வொரு குழுவுக்கும் தனி அடிப்படை அபாயம்) காலப் பிரச்சினை தீரும், ஆனால் டி செல்லுக்கு இன்னமும் ஒரே குணகம்தான் கிடைக்கும். ஆகவே வகைக்கு ஒரு மாதிரி, தனித்தனியாக. ட்ரிபிள் நெகட்டிவில் ஆட்கள் குறைவு என்பதால் பத்து மதிப்பெண்ணையும் கொட்டாதீர்கள். ஒரு மாறிக்குப் பத்து மரணமாவது இருக்கட்டும்.

கடைசியாக, மருத்துவத் தகவல் மட்டும் உள்ள மாதிரி, நுண்சூழலும் சேர்ந்த மாதிரி இரண்டின் சி-இன்டெக்ஸையும் (யார் முதலில் இறப்பார் என்ற வரிசையை மாதிரி எவ்வளவு சரியாகக் கணிக்கிறது என்பதன் அளவு) ஒதுக்கி வைத்த நோயாளிகளிடம் ஒப்பிடுங்கள். 0.5 என்றால் பூவா தலையா போட்டதற்குச் சமம். இரண்டு மாதிரிகளின் சி-இன்டெக்ஸ் வித்தியாசம்தான் நுண்சூழலின் உண்மையான பங்களிப்பு.

பின்சேர்க்கை: கோப்புகளை இணைத்தால் ஒரு வரிகூட வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். மரபணு அளவுக் கோப்பில் பத்தித் தலைப்பாக இருக்கும் நோயாளி எண்ணில் உள்ள சிறு கோட்டை 'ஆர்' புள்ளியாக மாற்றிவிடுகிறது. கோப்பைப் படிக்கும்போது செக்.நேம்ஸை ஃபால்ஸ் ஆக்குங்கள், சரியாகிவிடும்.

இன்னொன்று. கடலூரிலிருந்து ஒரு வாசகி, கோரிமேடு ஜிப்மரில் சிகிச்சை பெறும் தன் அம்மாவின் ரிப்போர்ட்டை இதில் போடலாமா என்று கேட்டார். வேண்டாம்மா. இது பிரிட்டன், கனடா பெண்களிடம் கற்ற கணக்கு. உங்கள் கையில் இருக்கும் பயாப்சி ரிப்போர்ட்டில் மரபணு அளவுகளும் இருக்காது. அதில் ஈஆர், பிஆர், ஹெர்2 மூன்றும் நெகட்டிவ் என்று இருந்தால், ஸ்ட்ரோமாவில் (புற்றுச் செல்களைச் சுற்றியுள்ள திசுவில்) லிம்போசைட் எத்தனை விழுக்காடு என்று பார்த்தார்களா, அம்மாவுக்கு அது என்ன சொல்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். சாதாரண சிலைடிலேயே மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்லக்கூடியதுதான் அது.