கடன் மூச்சு முட்டும்போது யாரிடம் போவது?

ஒரு கிரெடிட் கார்டுக்குக் கட்ட இன்னொரு கார்டில் எடுத்து இரண்டு வருடம் ஓட்டியவன் நான். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அப்போது யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாள் எடுங்கள். யாருக்கு, அசல் எவ்வளவு பாக்கி, என்ன வட்டி, மாதம் எவ்வளவு, எத்தனை தவணை தவறியது. அடகில் இருக்கும் நகை, மச்சானிடம் வாங்கிய கைமாற்று, ஏலச்சீட்டு எதையும் விடாதீர்கள். மறந்துபோன வங்கிக் கடன் சிபில் அறிக்கையில், அதாவது நம் கடன் வரலாற்றுப் பதிவில் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை இலவசம். என் தாளில் கண்ணைக் குத்தியது கார்டு வரிதான். 1 லட்சம் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம். 5,000 ரூபாய் கட்டினால் வட்டி 3,500, அதன் மேல் ஜிஎஸ்டி 630. அசலில் கழிவது வெறும் 870!

அடுத்து வங்கி. தவணைக் காலத்தை நீட்டிக்கவோ, கார்டு பாக்கியைத் தவணைக் கடனாக மாற்றவோ எழுத்தில் கேளுங்கள். நகலில் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. மீறினால் முதலில் வங்கியிடம் புகார்; 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன், அதாவது வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி, உதவி எண் 14448. ஆனால் கடனைக் குறைத்துத் தருவது அவர் வேலை இல்லை.

அதற்குப் போக வேண்டிய இடம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 15100க்கும் அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. வழக்குப் போடும் முன்பே ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் வங்கியோடு உட்கார்ந்து பேசலாம். அந்தத் தாளையும் சம்பளச் சீட்டையும் கையில் கொண்டு போங்கள். அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் கூச்சத்தில் பெரிய தொகைக்குத் தலையாட்டிவிடாதீர்கள். 'மாசம் இவ்வளவுதான் முடியும்' என்று சொல்லலாம், தப்பில்லை.

கந்துவட்டி, மீட்டர் வட்டி என்றால் கதை வேறு. தமிழ்நாட்டில் 2003லேயே அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. காவல் நிலையத்திலோ கலெக்டரிடமோ மனுக் கொடுங்கள்.

'தவணை கட்டுவதை நிறுத்துங்க, பாதியில முடிச்சுத் தர்றோம்' என்று முன்பணம் கேட்கும் கம்பெனிகளை நான் நம்பமாட்டேன். கடனை அடைக்க லோன் ஆப்பில் வாங்குவது அதைவிட மோசம்.

ராத்திரி தூக்கம் போய், வாழ்ந்து என்ன என்கிற நினைப்பு வந்தால் இந்தப் படியெல்லாம் அப்புறம். முதலில் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பேசி முடித்துக் கட்டியாயிற்றா? பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் கையில் வாங்குங்கள். தொகையைக் குறைத்து முடித்திருந்தால் சிபிலில் 'க்ளோஸ்டு' வராது, 'செட்டில்டு' என்றுதான் வரும்; அடுத்த கடன் கேட்கும்போது அது இடிக்கும். எனக்கு இன்னும் அப்படித்தான் இருக்கிறது. இருக்கட்டும், போன் இப்போது நிமிர்ந்தே கிடக்கிறது.