கூப்பர்ஸ் பேல் ஏல் மாதிரி வீட்டு பீர்: அடிமண்டியிலிருந்து தொடங்குவோம்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகருக்குக் குடிவந்தவர்கள் சீக்கிரமே பார்த்துவிடும் பீர் இது. பச்சை லேபிள், கலங்கலான வெளிர்மஞ்சள் நிறம், பாட்டிலின் அடியில் மெல்லிசாக வெள்ளை மண்டி. கூப்பர்ஸ் ஒரிஜினல் பேல் ஏல். ஆல்கஹால் 4.5%. கசப்பு மட்டாக இருக்கும், லேசான பழவாசனை வரும், விழுங்கிய பிறகு நாக்கில் இனிப்பு ஒட்டாது. திறப்பதற்கு முன் பாட்டிலைப் படுக்கவைத்து மெதுவாக ஒரு உருட்டு உருட்டி, மண்டியைக் கலக்கிவிட்டு ஊற்றுவது இங்கே வழக்கம்.

யார்க்‌ஷயரிலிருந்து வந்த தாமஸ் கூப்பர் 1862-ல் தொடங்கிய ஆலை, இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. உடம்பு சரியில்லாத மனைவிக்கு டானிக்காகத்தான் அவர் முதலில் ஏல் போட்டார் என்பது குடும்பக் கதை. 'மருந்துக்குத்தான்' என்ற சாக்கு நம் ஊர்ப் பெரியவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது. இதே ஆலை வீட்டில் பீர் போடுவதற்கான மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) பாகு அடைத்த டின்களையும் விற்கிறது. ஆகவே இந்த பீரைப் பார்த்துப் போடுவது புதியவர்களுக்குச் சுலபம்.

ஆனால் டின்னை வாங்கிக் கரைத்தால் மட்டும் அந்த ருசி வராது. பாட்டிலின் அடியில் கிடக்கும் மண்டி உயிருள்ள ஈஸ்ட். கூப்பர்ஸுக்கு அதன் வாசனையைத் தருவது பெரும்பாலும் அதுதான். டின் மூடிக்குள் ஒரு ஈஸ்ட் பொட்டலம் இருக்கும். அது வேறு ரகம். நல்ல பீர் தரும், ஆனால் இந்த பீரைத் தராது. அதனால் இந்தச் செய்முறையில் நான் அதிகம் மெனக்கெடச் சொல்லப்போவது ஈஸ்ட் வளர்ப்பதற்கும் வெப்பநிலையைக் காப்பதற்கும்தான்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் சொந்தக் குடிக்காக வீட்டில் பீர் போட உரிமம் தேவையில்லை. விற்கக் கூடாது, காய்ச்சி வடித்துச் சாராயம் எடுக்கவே கூடாது. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அங்கே வீட்டில் மது தயாரிப்பது குற்றம். படித்து ரசியுங்கள், அத்தோடு விட்டுவிடுங்கள்.

என்னென்ன வேண்டும்?

கூப்பர்ஸ் ஆஸ்திரேலியன் பேல் ஏல் டின், 1.7 கிலோ. ஹாப்ஸின் (பீருக்குக் கசப்புத் தரும் ஒரு கொடியின் பூ) கசப்பு ஏற்கெனவே இதில் சேர்ந்திருக்கும், தனியாக வேண்டாம்.
லைட் டிரை மால்ட் தூள், 500 கிராம். ஈஸ்ட் வளர்க்க இன்னொரு 100 கிராம்.
டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரைத் தூள்), 300 கிராம்.
பச்சை லேபிள் பேல் ஏல், 375 மி.லி. பாட்டில்கள் மூன்று அல்லது நான்கு.

சாமான்கள்: 25 முதல் 30 லிட்டர் பிடிக்கும், அடியில் குழாய் வைத்த ஃபெர்மென்டர் (பீர் நொதிக்கும் மூடி போட்ட பாத்திரம்), ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி), ஒட்டும் ரக வெப்பமானி, நீளமான கரண்டி, 740 மி.லி. பிளாஸ்டிக் பீர் பாட்டில்கள் ஒரு முப்பது. கழுவுவதற்கு வாசனை சேர்க்காத சோடியம் பெர்கார்பனேட். கிருமி நீக்க, ஹோம்பிரூ கடைகளில் கிடைக்கும் அலச வேண்டாத அமிலக் கரைசல். இந்தக் கரைசல் பொதுவாக லிட்டருக்கு 1.5 மி.லி. போதும், எதற்கும் புட்டியில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் லிக்விடை ஃபெர்மென்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதன் வாசனை பிளாஸ்டிக்கில் தங்கிவிடும், பீரின் நுரையையும் கெடுக்கும்.

ஈஸ்டைப் பிடிப்பது

பீர் போடும் நாளுக்கு நாலைந்து நாள் முன்பே இதைத் தொடங்க வேண்டும். தயிருக்கு உறைமோர் எடுத்துவைக்கிற வேலைதான் இது, சுத்தம் மட்டும் பல மடங்கு கூடுதல்.

கடையில் இருப்பதிலேயே புதிய பாட்டில்களாகப் பார்த்து எடுங்கள். பச்சை லேபிளே எடுங்கள். சிவப்பு லேபிள் ஸ்பார்க்ளிங் ஏலிலும் மண்டி உண்டு. ஆனால் அது 5.8%. ஆல்கஹால் ஏற ஏற ஈஸ்ட் சோர்ந்துபோகும். பாட்டில்களைக் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் நிமிர்த்தி வையுங்கள், மண்டி முழுக்க அடியில் இறங்கட்டும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் மால்ட் தூளைக் கரைத்துப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். சட்டென்று பொங்கி அடுப்பை நாசம் செய்யும், பெரிய பாத்திரமாக வையுங்கள். மூடிவைத்து, தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிட்டு, கிருமி நீக்கிய கண்ணாடிக் குடுவையில் ஊற்றுங்கள்.

இனி பாட்டில்கள். மூடியைத் திறந்ததும் வாய்ப்பகுதியைக் கிருமிநாசினியால் துடைத்து, மேலே தெளிந்த பீரை அலுங்காமல் கிளாஸ்களில் ஊற்றி, அடியில் இரண்டு செ.மீ. விட்டுவிடுங்கள். ஊற்றிய பீரைக் குடிப்பதில் ஆட்சேபணை இல்லை. பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பதில்தான் ஆட்சேபணை. மிஞ்சியதைச் சுழற்றி மண்டியைக் கிளப்பி எல்லாவற்றையும் குடுவையில் சேருங்கள். கிருமி நீக்கிய அலுமினியத் தாளால் தளர்வாக மூடி, 20 முதல் 25 டிகிரி உள்ள இடத்தில் வைத்து, போகும்போதும் வரும்போதும் ஒருதரம் சுழற்றிவிடுங்கள்.

முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நுரை கட்டும், அடியில் வெள்ளைப் படிவு தடிக்கும். முகர்ந்து பாருங்கள். ரொட்டி வாசமோ பழ வாசமோ வந்தால் சரி. புளித்த காடி நெடி அடித்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். டின்னோடு வந்த பொட்டலம் அப்போதுதான் கைகொடுக்கும்.

பீர் போடும் நாள்

பீரில் படப்போகும் எல்லாவற்றையும் கழுவிக் கிருமி நீக்குங்கள். ஃபெர்மென்டர் குழாயின் உட்புறத்தை மறக்காதீர்கள். டின்னை வெந்நீரில் பத்து நிமிடம் நிற்கவைத்தால் உள்ளே இருக்கும் கெட்டிப் பாகு இளகும்.

ஃபெர்மென்டரில் மால்ட் தூளையும் டெக்ஸ்ட்ரோஸையும் கலந்து கொட்டி, இரண்டு லிட்டர் கொதிநீரை ஊற்றி வேகமாகக் கலக்குங்கள். மால்ட் தூளில் ஆவி பட்டால் கட்டி கட்டியாகும். பதற வேண்டாம், கொஞ்ச நேரத்தில் தானே கரையும். டின் பாகை ஊற்றி, டின்னில் வெந்நீர் விட்டு அலசி அதையும் சேருங்கள். பிறகு 21 லிட்டர் கோடு வரை குளிர்ந்த தண்ணீர்.

டின்னோடு வரும் குறிப்பில் 23 லிட்டர் என்று இருக்கும். நான் 21-ல் நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேலே சொன்ன அளவுகளுக்கு 23 லிட்டரில் தொடக்க அடர்த்தி (தண்ணீர் 1.000 என்று வைத்து ஹைட்ரோமீட்டர் காட்டும் எண்) 1.035 பக்கம்தான் வரும், பீர் நீர்த்துப்போகும். 21 லிட்டரில் 1.039 வரும். நொதித்து 1.008-க்கு இறங்கினால் வித்தியாசம் 0.031, ஆல்கஹால் கணக்குக்கு அதை 131-ஆல் பெருக்கினால் 4.1%. பாட்டிலில் சேர்க்கும் சர்க்கரை இன்னும் 0.4% தரும். ஆக 4.5%, பச்சை லேபிளில் போட்டிருப்பது அதுதான்.

தண்ணீரில் குளோரின் நெடி தூக்கலாக இருந்தால் முதல் நாளே கொதிக்கவைத்து ஆறவிடுங்கள், அல்லது வடிகட்டிய தண்ணீரை எடுங்கள். குளோரினும் மால்ட்டும் சேர்ந்தால் மருந்துக்கடை நாற்றம் வரும். கோடையில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும் என்பதால் சில லிட்டரைக் குளிர்பெட்டியில் வைத்திருப்பது நல்லது.

வெப்பமானி 18 முதல் 20-க்குள் காட்டும்போது கரண்டியால் நன்றாக அடித்துக் கலக்குங்கள். தொடக்கத்தில் ஈஸ்ட் பெருக ஆக்சிஜன் வேண்டும். ஹைட்ரோமீட்டரில் அளந்து குறித்துக்கொண்டு, குடுவையில் வளர்ந்ததைச் சுழற்றி முழுவதையும் ஊற்றி மூடுங்கள். இதற்குப் பிறகு பீரில் காற்று கலக்கவே கூடாது. கலந்தால் ஈர அட்டைப்பெட்டி ருசி வந்துவிடும்.

18 டிகிரி

கூப்பர்ஸ் ஈஸ்ட் 18 டிகிரியில் அடக்கமாக நடந்துகொள்ளும். 24, 25 போய்விட்டால் வாழைப்பழ எசென்ஸ் வாசனை கிளம்பும். நொதிக்கும்போது ஈஸ்டே சூட்டைக் கிளப்பும் என்பதால் அறையைவிடப் பீர் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். அறை 18-ல் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஃபெர்மென்டரின் மேல் ஒட்டிய வெப்பமானியைத்தான் நம்ப வேண்டும்.

40 டிகிரி தாண்டும் அடிலெய்டு ஜனவரியில் இதற்குப் பழைய குளிர்பெட்டியும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் இல்லாமல் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. மற்ற மாதங்களில் அகலமான டப்பில் தண்ணீர் நிரப்பி, அதில் ஃபெர்மென்டரை வைத்து, காலையிலும் மாலையிலும் உறையவைத்த தண்ணீர் பாட்டிலை மாற்றி மாற்றிப் போட்டாலே போதும். முதல் மூன்று நாள்தான் முக்கியம். ஈஸ்ட் பெருகும்போதுதான் வாசனையின் பெரும்பகுதி உருவாகிறது.

ஏர்லாக்கில் (கேஸை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத, மூடியில் செருகும் அடைப்பு) குமிழி நின்றுவிட்டது என்பதற்காகப் பீர் தயார் என்று நினைக்காதீர்கள். மூடி சரியாக இறுகாவிட்டாலும் குமிழி வராது. ஏழாம் நாள் அளவில் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். 1.008 பக்கம் வந்து, இரண்டு நாள் கழித்தும் அதே எண்ணில் நின்றால் நொதிப்பு முடிந்தது. முடிந்தபிறகும் மூன்று நாலு நாள் அப்படியே விடுங்கள். இளம் பீரில் இருக்கும் வெண்ணெய் வாசனையையும் பச்சை ஆப்பிள் வாசனையையும் ஈஸ்டே தின்று தீர்க்கும்.

பாட்டிலில் அடைப்பது

கழுவிக் கிருமி நீக்கிய ஒவ்வொரு 740 மி.லி. பாட்டிலிலும் ஆறு கிராம் சர்க்கரை, அல்லது கடையில் கிடைக்கும் கார்பனேஷன் டிராப்ஸ் இரண்டு. அதற்கு மேல் ஒன்றுகூடப் போடாதீர்கள். கண்ணாடிப் பாட்டில் என்றால் அழுத்தம் ஏறி வெடிக்கும், கண் போகும். புதியவர்களுக்குப் பிளாஸ்டிக் பாட்டில்தான் என்று நான் அடம்பிடிப்பது அதனால்தான். குழாயில் பாட்டிலின் அடிவரை எட்டும் நிரப்புக்குச்சியைச் செருகி, நுரைக்காமல், மேலே மூன்று செ.மீ. விட்டு நிரப்பி மூடுங்கள். இருபத்தாறு, இருபத்தேழு பாட்டில் தேறும்.

18 டிகிரிக்குக் குறையாத இருட்டான இடத்தில் இரண்டு வாரம் வையுங்கள். உடனே குளிர்பெட்டிக்குள் வைத்தால் ஈஸ்ட் தூங்கிவிடும், கேஸ் ஏறாது. பாட்டிலை அழுத்திப் பார்த்து, கல் மாதிரி இறுகியிருந்தால் கேஸ் ஏறிவிட்டது. இரண்டாம் வாரத்தைவிட ஐந்தாம் வாரத்தில் ருசி நன்றாக இருக்கும் என்பதால் கொஞ்சம் ஒளித்துவையுங்கள்.

முதல் பாட்டிலைத் திறக்கும்போது கடையில் வாங்கிய பச்சை லேபிள் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் உருட்டி, இரண்டு கிளாஸில் ஊற்றிப் பாருங்கள். உங்களுடையதில் வாழைப்பழம் தூக்கலாக இருந்தால் அடுத்த முறை ஒரு டிகிரி குறையுங்கள். இனிப்பு மிஞ்சினால் மால்ட் தூளில் 100 கிராமைக் குறைத்து டெக்ஸ்ட்ரோஸில் அதைக் கூட்டுங்கள். நிறம் கொஞ்சம் அழுத்தமாக இருப்பதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். டின் பாகில் போடும் பீருக்கு அது இயல்பு.