நேர்மை, முன்னேற்றம் பற்றிய ஆங்கில மரபுத்தொடர்கள்: எதை, யாரிடம் சொல்வது?

ஐம்பது நூறு என்று மரபுத்தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால், பேசும்போது ஒன்றுகூட நாக்கில் வராது. ஏழெட்டு போதும். ஆனால் ஒவ்வொன்றையும் யார் யாரிடம், எந்தச் சூழ்நிலையில் சொல்வார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

'கம் க்ளீன்' என்றால் உண்மை பேசுவது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இதுவரை மறைத்து வைத்த தப்பை ஒப்புக்கொள்வதுதான் அது. மேலாளரிடம் "லெட் மீ கம் க்ளீன்" என்று ஆரம்பித்தால், என்ன தில்லுமுல்லு வெளிவரப் போகிறதோ என்றுதான் அவர் காத்திருப்பார். வேலை முடிய இன்னும் ரெண்டு நாள் ஆகும், அதை மழுப்பாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே? "ஐ வில் பி ஸ்ட்ரெய்ட் வித் யூ, வீ நீட் டூ மோர் டேஸ்." சரியாக இருக்கும். 'டு பி ஆனஸ்ட்' நம்மவர்கள் வாயில் வாக்கியத்துக்கு வாக்கியம் வருகிறது. கேட்பவருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லும் இடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு வழக்கில் ஒளிவுமறைவு இல்லை என்று சொல்ல 'அபவ் போர்ட்' இருக்கிறது.

'கால் எ ஸ்பேட் எ ஸ்பேட்', அதாவது பூசி மெழுகாமல் உள்ளதை உள்ளபடி சொல்வது. இதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். 1542இல் ஆங்கில எழுத்தாளர் நிக்கலஸ் யூடால் இதை எழுதியபோது ஸ்பேட் வெறும் மண்வெட்டிதான், ஆனால் 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அந்தச் சொல் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசையாகவும் புழங்கியது. தொடருக்கும் வசைக்கும் பிறப்பில் சம்பந்தமில்லை, உண்மைதான். இருந்தாலும் கேட்பவர் மனம் புண்பட வாய்ப்பிருக்கும்போது அது நமக்கு எதற்கு? அமெரிக்கர்களோடு பேசும்போது விட்டுவிடுங்கள்.

அப்புறம் முன்னேற்றம். 'பை லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸ்' என்பது மளமளவென்று வளர்வது. அடிமேல் அடி வைத்து வருவதற்கு 'ஸ்லோலி பட் ஷூர்லி' தான் பொருத்தம், நேர்காணலில் உங்கள் ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்டால் தாராளமாகச் சொல்லலாம். 'ரோம் வாஸன்ட் பில்ட் இன் எ டே', அதாவது பெரிய காரியம் ஒரே நாளில் முடியாது என்பது, 1546இல் வந்த ஜான் ஹேவுட்டின் பழமொழித் தொகுப்பிலேயே உண்டு. சோர்ந்து போனவரைத் தேற்ற அருமையான தொடர், ஆனால் உங்கள் தாமதத்துக்கு நீங்களே அதைச் சொன்னால் சாக்குப்போக்காகத்தான் படும். 'டர்ன் ஓவர் எ நியூ லீஃப்' இன்னும் சிக்கலானது. லீஃப் இங்கே புத்தகத்தின் தாள். பழைய நடத்தை சரியில்லை, இனி திருந்துகிறேன் என்று அர்த்தம். புது வேலைக்குப் போகிற சந்தோஷத்தில் இதைச் சொல்லிவிடாதீர்கள். 'புல் யுவர் சாக்ஸ் அப்', அதாவது இன்னும் ஒழுங்காக முயற்சி செய் என்பது, பிரிட்டன்காரர்கள் சொல்வது, ஆசிரியர் மாணவனைத் தட்டிக்கேட்கும் தொனி, மேலதிகாரியிடம் வேண்டவே வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு தொடரை எடுங்கள். செய்தியிலோ பேட்டியிலோ அது வரும் வாக்கியத்தை, சொன்னவர் யார், கேட்டவர் யார் என்பதோடு நோட்டில் எழுதுங்கள். நண்பரிடம் ஓரிரு முறை பேசிப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள், ஒரே மின்னஞ்சலில் இரண்டைத் திணிக்காதீர்கள்.