பெரட்டுக் களமும் கணினித் திரையும்: மலையக இளைஞர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹேக்கர் என்றதும் வங்கிக் கணக்கைத் திருடுபவரை நினைப்பது பழைய தவறு. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாதிரி ரயில் மன்றத்து மாணவர்கள், ஒன்று எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்து அதைத் திறமையாக மாற்றியமைப்பதையே 'ஹேக்' என்றார்கள். அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவதோ இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம்; 'பழகிப் பார்த்தேன்' என்பது அதற்குச் சமாதானமாகாது.

தேயிலைத் தோட்டங்களில் உள்ள நம் வீடுகளில் நடக்கும் தவறு வேறு. விடியற்காலையில் தப்புப் பறையின் சத்தம் கேட்டு, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடி, கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேரோடு, அதாவது அரைநாள் சம்பளத்தோடு, திரும்பிய தலைமுறைகளின் பிள்ளைகள் நாம். ஆகவே, இரவெல்லாம் நிரல் எழுதிவிட்டுக் காலை பத்து மணிக்கு எழும் பிள்ளை, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், உள்ளவர்களுக்கு வேலையற்றவனாகவே தெரிகிறான். வேலையைக் கடமையாகக் கண்ட பழைய ஒழுக்கத்துக்கு எதிரே, ஆர்வத்தையும் பகிர்வையும் மையமாகக் கொண்டது ஹேக்கர்களின் ஒழுக்கம் என்று ஃபின்லாந்துத் தத்துவவியலாளர் பெக்கா ஹிமனென் 2001இல் எழுதினார். இந்த வேறுபாட்டைப் பெற்றோருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லாமல் முறைத்துக்கொண்டு இருப்பதும் தவறுதான்.

ஆனால் இதைவிடப் பெரிய தவறு, ஆர்வம் இருப்பதால் சம்பளமும் ஓய்வும் தேவையில்லை என்று நம்பிவிடுவது. என் முதல் வேலையில், 'கற்றுக்கொள்ளும் காலம்தானே' என்ற ஒரே சொல்லை நம்பி இரண்டு மாதம் ஊதியமின்றி உழைத்தேன். எழுத்தில் எதுவும் இல்லாததால் கேட்கவும் வழியிருக்கவில்லை. பேர் போடும் கணக்கு கொடியதுதான். ஆயினும் கொழுந்தை எடை போட்டபின் அம்மா வீட்டுக்கு வந்தார். கைத்தொலைபேசி வழியே நள்ளிரவிலும் வேலை வந்து சேரும் நமக்கு அந்த எல்லைகூட இல்லை. நாமே விரும்பிப் பகிரும் நிரலும், பிறர் நம்மிடம் இலவசமாக வாங்கிக்கொள்ளும் உழைப்பும் ஒன்றல்ல. தொகை, நாள், திருத்தங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுத்தில் வாங்காமல் தொடங்காதீர்கள்.

முழுமையாகும்வரை மறைத்து வைப்பதும் வேண்டாம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் லினக்ஸ் என்ற தன் கணினி இயங்குதளம் பற்றி அறிவித்தபோது அவர் 21 வயது மாணவர். அது அரைகுறையாகவே இருந்தது. ஹட்டன் பக்கத்து இளைஞர் ஒருவர், தன் தாய் தினமும் பறித்த கொழுந்தின் கிலோக் கணக்கை மாத இறுதிச் சம்பளச் சீட்டோடு ஒப்பிடச் சிறு நிரல் ஒன்று எழுதியிருக்கிறார். எண்பது வரிகூட இல்லை. அதை வெளியிடக் கூச்சப்படுகிறார். வெளியிட்டால் தோட்டத்தின் அடுத்த டிவிஷன் பிள்ளை அதைத் திருத்தித் தருவாள். ஆனால் உரிமம் குறிப்பிடாத நிரலைப் பிறர் சட்டப்படி எடுத்தாள முடியாது. எனவே பிறர் பயன்படுத்தவும் திருத்தவும் அனுமதிக்கும் திறந்த மூல உரிமம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மாதிரித் தரவில் தாயின் பெயரும் செக்ரோல் (தோட்டத்துச் சம்பளப் பதிவேடு) இலக்கமும் கிடந்தால், அவற்றை முதலில் நீக்கிவிட வேண்டும்.