ஞாயிற்றுக்கிழமை நைட்டியை மாற்றணுமா?

லீவு நாளில் வீட்டோடு இருப்பவர்கள் குளித்து, தலைவாரி, வெளியே கிளம்புவதுபோல உடுத்தத்தான் வேண்டுமா? வேண்டாம். ஆனால் ராத்திரி படுத்த உடையோடு மத்தியானச் சாப்பாடு வரை ஓட்டுவது சென்னைக்குச் சரிப்படாது. இந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியது வேர்வை. ஃபேனை ஐந்தில் வைத்துப் படுத்தாலும் விடியும்போது கழுத்து, அக்குள், இடுப்பு எலாஸ்டிக் எல்லாம் நசநசவென்றுதான் இருக்கும். காற்றில் இருக்கும் ஈரப்பதத்தால் அது சீக்கிரம் காய்வதும் இல்லை. ஆகவே படுக்கிற உடை ஒன்று, பகலில் வீட்டில் போடுகிற உடை இன்னொன்று. இரண்டும் பழசாக இருக்கட்டும், இரண்டும் நைட்டியாகவே இருக்கட்டும். மாற்றினால் போதும்.

நேரம் என்று கேட்டால், காலை பத்து மணிக்குள். குளிக்கச் சோம்பலாக இருந்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, கால்விரல் இடுக்கு இவற்றை மட்டுமாவது கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு மாற்றுங்கள். மே மாதக் கத்திரியில் சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னொரு தடவை. உள்ளாடை மட்டும் எந்த மாதமானாலும் தினமும் புதிதாகத்தான். அதில் ஞாயிற்றுக்கிழமைச் சலுகை கிடையாது.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் படர்தாமரை. அதை உண்டாக்கும் பூஞ்சைக்குச் சூடும் ஈரமும் உரசலும் ஒரே இடத்தில் கிடைத்தால் போதும். இறுக்கமான எலாஸ்டிக் வைத்த ஷார்ட்ஸ், பாவாடை நாடா இறுகும் இடுப்பு, உள்ளாடையின் தையல் ஓரம், இங்கெல்லாம்தான் முதலில் அரிக்கும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் ஒரே துண்டு, ஒரே கைலி வழியாக எல்லோருக்கும் போகும். அந்த நாட்களில் அவருடைய துணியைத் தனியாக 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, வெயிலில் காயப்போட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தையல் ஓரங்களில் இஸ்திரி போட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கூட்டு க்ரீம்களைத் தொடாதீர்கள். அவற்றில் கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கிவிடும். உள்ளே பூஞ்சை நிம்மதியாகப் பரவி, வட்டம் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்து நிற்கும். தோல் டாக்டரிடம் போங்கள். அரிப்பு நின்ற பிறகும் அவர் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தக் கூடாது.

எத்தனை செட் வேண்டும் என்பது வெயிலைப் பொறுத்தது. ஒரு ஆளுக்கு நாளைக்கு இரண்டு செட் போகிறது. மே மாதத்தில் மொட்டை மாடிக் கொடியில் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், அதனால் நான்கு செட் தாராளம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை துணி வீட்டுக்குள்ளேயே இரண்டு நாள் தொங்கும். அப்போது ஆறு செட் இல்லாவிட்டால், முக்கால்வாசி காய்ந்ததை எடுத்து மாட்டிக்கொள்ளும் நிலைமை வரும். அதுதான் ஆபத்து. அந்த மாதங்களில் மெஷினில் ஸ்பின்னை இரண்டு தடவை ஓட விடுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி விட்டு, ஃபேனுக்குக் கீழே போடுங்கள். எலாஸ்டிக் பகுதி மேலே இருக்கட்டும், கடைசியாகக் காய்வது அதுதான். முக்கல் வாடை அடிக்கிறதே என்று சோப்புப் பவுடரை அள்ளிப் போடுவது வீண். அலசலில் போகாத பவுடர் துணியிலேயே தங்கி வாடையைக் கூட்டும்.

போர் தண்ணீர் வீடுகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. உப்புத் தண்ணீரில் சோப்புக் கட்டி போட்டுத் துவைத்தால் சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து நூலில் கசடாகப் படியும். புது காட்டன் நைட்டிகூட சில மாதங்களில் அட்டைபோல விறைத்து, தண்ணீரை உறிஞ்சாமல் போகும். கட்டிக்குப் பதில் டிடர்ஜென்ட் பவுடரோ திரவமோ போடுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஒரு பக்கெட்டுக்கு 50 மில்லி வெள்ளை வினிகர் விடலாம்.

வாங்கும்போது

நைட்டி: தி.நகரிலும் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் குவித்து வைத்திருப்பதில் பாதி, தொட்டால் வழுக்கும் கலப்புத் துணி. ஒரு ஓரத்தைக் கசக்கி விடுங்கள். கசங்கல் அப்படியே நின்றால் பெரும்பாலும் காட்டன், உடனே விரிந்துகொண்டால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. பாலியஸ்டர் வேர்வையை உறிஞ்சாது, ஆனால் வாடையை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் துவையலிலேயே ஓரிரு அங்குலம் சுருங்கும் என்று கணக்குப் போட்டு, சுருங்கிய பிறகு கணுக்காலுக்கு மேலே இரண்டு அங்குலம் நிற்கிற நீளமாக எடுக்க வேண்டும். தரையைக் கூட்டும் நீளம் மாடிப்படியில் காலை வாரும், குளியலறையில் ஈரத்தையும் இழுக்கும். பக்கவாட்டில் பை வைத்ததாகப் பாருங்கள். செல்போனையும் சாவியையும் வைக்க இடமில்லாத உடையை நாள் முழுக்கப் போட முடியாது.

கைலி: இரண்டு மீட்டர், இரண்டேகால் மீட்டர் என்று வரும். வயிறு முன்னால் இருப்பவர்களும் உயரமானவர்களும் இரண்டேகால் எடுக்கட்டும். மூட்டாமல் கட்டினால் உட்கார்ந்து எழும்போது விலகும், அதனால் வாங்கிய அன்றே தையல்காரரிடம் மூட்டிவிடுங்கள். முதல் மூன்று துவையல் தனியாக. சாயம் போகிற கைலியோடு வெள்ளைப் பனியனைப் போட்டவர்களுக்கு அதன் பலன் தெரியும்.

சமையல் செய்கிறவர் உடை விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். அடுப்பு முன்னால் பாலியஸ்டர் நைட்டியும் தொங்கும் துப்பட்டாவும் கூடவே கூடாது. பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். காட்டனும் எரியும், ஆனால் ஒட்டாது. துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள், அகலமான கையை மடித்துக்கொள்ளுங்கள். தீக்காயம் பட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரைக் காட்ட வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது, பெரிய காயமென்றால் 108.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளுக்கென்று ஒரு பழைய செட்டை ஒதுக்குங்கள். நல்லெண்ணெய் பட்ட துணியை அழுக்குக் கூடையில் சுருட்டிப் போட்டால் சிக்கு வாடை மற்ற துணிக்கும் ஏறும். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கறையில் தேய்த்து, அரை மணி ஊறவிட்டு, வெந்நீரில் தனியாக அலசுங்கள். வீட்டில் டிரையர் இருந்தால் எண்ணெய் மிச்சமிருக்கும் துணியை அதில் போடவே கூடாது, தீப்பிடிக்கலாம்.

காலிங் பெல் அடித்தால்

தண்ணி கேன், சிலிண்டர், கொரியர், மாடி வீட்டு அம்மா என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து தடவையாவது பெல் அடிக்கும். வாசல் கதவுக்குப் பின்னால் இரண்டு கொக்கி அடித்து, ஒன்றில் அரைக்கைச் சட்டை, ஒன்றில் துப்பட்டா மாட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிய நைட்டியின் மேல் இன்னும் ஒரு துண்டைப் போடச் சொல்லும் வீட்டில், வெறும் உடம்போடு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா தாராளமாகக் கதவைத் திறப்பார். சட்டம் போடுவதானால் இருவருக்கும் சேர்த்துப் போடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

உடுத்தினால்தான் சுறுசுறுப்பு வரும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. 2012இல் ஹாஜோ ஆடம், ஆடம் கேலின்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள், டாக்டர் கோட் போட்டவர்களுக்குக் கவனம் கூடியதாக எழுதினார்கள். 2019இல் வேறொரு குழு அதில் ஒரு சோதனையை அப்படியே மறுபடி செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனவே பிள்ளை ஷார்ட்ஸில் உட்கார்ந்து படிப்பதால்தான் மார்க் குறைகிறது என்று சண்டைக்குப் போகாதீர்கள். வேர்த்த டி-ஷர்ட்டை மாற்றச் சொன்னால் போதும்.

கைக்குழந்தைக்கு லீவு நாள்தான் டயப்பரிலிருந்து விடுதலை. பகலில் சில மணி நேரம் மெல்லிய காட்டன் ஜட்டியோடு, அல்லது வெறுமனே விடுங்கள். வேர்க்குருவுக்குப் பவுடர் அப்ப வேண்டாம். காற்றுப் பட்டால் தானே அடங்கும்.

வயதானவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. காலையில் உடை மாற்றுவதே அவர்களுக்கு ஒரு பயிற்சி. கை, கால், தோள் எல்லாம் அசையும். ஆகவே நீங்களே மாட்டிவிடாமல், கட்டிலோரம் உட்கார வைத்து நேரம் கொடுங்கள். பக்கவாதம் வந்த தாத்தாவுக்குச் சட்டை போடும்போது பலம் குறைந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் வெளியே எடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் தோள் இழுபட்டு வலிக்கும். பனியன் வேண்டாம், முன்பக்கம் திறக்கும் சட்டையே நல்லது. ஜாக்கெட்டில் கொக்கிக்குப் பதில் வெல்க்ரோ தைத்துக் கொடுத்தால் பாட்டிக்கும் யார் தயவும் தேவைப்படாது.

ஏசி வைத்த வீட்டில் கனமான ட்ராக் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு 20 டிகிரிக்கு இறக்குவது கரண்ட் பில்லுக்குத்தான் வேட்டு. 2020 முதல் புது ஏசிகளின் தொடக்க அமைப்பே 24தான். மெல்லிய காட்டனும் ஃபேனும் இருந்தால் 26 போதும்.

கடைசியாக, எப்போது தூக்கிப் போடுவது? எலாஸ்டிக்கை இழுத்து விட்டால் திரும்பாத ஷார்ட்ஸ், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும் நைட்டி, அக்குள் மஞ்சள் போகாத பனியன் மூன்றுக்கும் காலம் முடிந்தது. பழைய காட்டன் கைலியை நான்காகக் கிழித்தால் நல்ல அடுப்படித் துணி கிடைக்கும். பாலியஸ்டர் நைட்டியைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளாதீர்கள், அது தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் போகும்.