1729 பகா எண்ணா? பெரிய எண்களைச் சோதிப்பதில் நடக்கும் தவறுகள்

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வாழ்ந்த வீட்டைப் பார்த்துவிட்டு வரும் மாணவர்களுக்கு 1729-இன் கன எண் கதை (இரண்டு கனங்களின் கூட்டலாக இரு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்பது) தலைகீழ்ப் பாடம். அந்த எண் பகா எண்ணாக வேஷம் போடும் என்பது பலருக்குத் தெரியாது.

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்கும் ஃபெர்மா சோதனை இப்படி: எண்ணில் ஒன்றைக் குறைத்து, 2-ஐ அத்தனை அடுக்குக்கு உயர்த்தி, எண்ணால் வகுக்க வேண்டும். ஒற்றைப்படைப் பகா எண் என்றால் மீதி 1. 2¹⁷²⁸-ஐ 1729-ஆல் வகுத்தாலும் மீதி 1தான்; ஆனால் 1729 = 7 × 13 × 19. அடியை, அதாவது அடுக்குக்கு உயர்த்தும் 2-ஐ, 3, 5 என்று மாற்றியும் பயனில்லை. 7, 13, 19 ஒவ்வொன்றிலும் 1 குறைத்தால் வரும் 6, 12, 18 மூன்றும் 1728-ஐ மீதியின்றி வகுப்பதால், 7, 13, 19 ஆகியவற்றின் மடங்காக இல்லாத எந்த அடிக்கும் 1தான் வரும். இப்படி ஏமாற்றும் பகு எண்களுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். மிகச் சிறியது 561.

கடைசி மீதியை மட்டும் பார்ப்பதுதான் இங்கே தவறு. மில்லர்–ராபின் என்ற இன்னொரு சோதனை முறை இடைப்பட்ட மீதிகளையும் பார்க்கும். 1728 = 64 × 27 என்று பிரியுங்கள். 2²⁷-இன் மீதி 645. அதை வர்க்கப்படுத்தினால் 1065, மறுபடி வர்க்கப்படுத்தினால் 1. பகா எண்ணாக இருந்தால் அந்த 1-க்கு முன்னால் 1728 (அதாவது −1-க்குச் சமமான மீதி) வந்திருக்க வேண்டும். 1065 வந்ததால் குட்டு உடைந்தது. கூடுதல் லாபமாக, 1065-இல் 1 குறைத்த 1064, 1729 இரண்டின் மீப்பெரு பொது வகுத்தி 133. அதாவது 7 × 19 கையில் கிடைத்துவிடுகிறது.

எத்தனை அடிகள் போதும்? 2⁶⁴-க்குக் குறைந்த எண்ணுக்கு 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களையும் அடியாக வைத்துப் பார்த்தால் முடிவு உறுதி. மிகப் பெரிய எண்ணுக்கு ஏதோ சில அடிகளை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு "பகா எண்" என்று எழுதக் கூடாது, "அநேகமாகப் பகா எண்" என்றே எழுத வேண்டும்.

2-இன் அடுக்கில் 1 குறைத்தால் வருவது மெர்சென் எண்; அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே மெர்சென் எண்ணும் பகா எண் என்பது இன்னொரு அவசர முடிவு. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இந்த எண்களுக்குப் பெயர் தந்த மெர்சென்னே 1644-இல், பகா எண் தரும் அடுக்குகளின் பட்டியலில் 67-ஐச் சேர்த்தார்; 2⁶⁷ − 1 = 193707721 × 761838257287 என்று கணிதவியலாளர் கோல் 1903-இல் காட்டினார்.

மெர்சென் எண்களுக்கென்றே லூக்காஸ்–லெமர் சோதனை உண்டு. மற்ற எண்களுக்கு அதைப் போடாதீர்கள். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதி எடுங்கள்; கடைசிச் சுற்றில் 0 வந்தால் பகா எண். 2⁷ − 1 = 127-க்கு: 4, 14, 67, 42, 111, 0. அடுக்கில் 2 குறைவாக, அதாவது 5 சுற்று. தொடக்க 4-ஐயும் ஒரு சுற்றாக எண்ணி 111-இல் நிறுத்தினால் நல்ல பகா எண் பகு எண்ணாகிவிடும். 2024-இல் கண்டறிந்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 (4,10,24,320 இலக்கங்கள்) கூட முதலில் ஃபெர்மா வகைச் சோதனையில்தான் தட்டுப்பட்டது; பிறகு லூக்காஸ்–லெமர் முறையில் உறுதி செய்தார்கள்.

எக்செலில் இதையெல்லாம் செய்யவே வேண்டாம். அது 15 இலக்கம் வரைதான் காப்பாற்றும். பகா எண்ணான 2⁶¹ − 1-ஐ இட்டால் கடைசி நான்கு இலக்கமும் பூஜ்யமாகிவிடும். பைதான் நிரல்மொழியில் முழு எண்ணுக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் அடுக்கை முழுதாகப் பெருக்கிவிட்டு வகுக்காதீர்கள், நினைவகம் நிரம்பும். ஒவ்வொரு பெருக்கலுக்கும் பிறகு மீதி எடுங்கள்.